பழைய லேப்டாப்பில் டார் கணு: நீலகிரி வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

டார் என்பது, யார் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பதை மறைக்கும் இணைய வலை; அதில் பிறரின் இணைப்பைக் கடத்திவிடும் ஒரு கணினிதான் கணு. அதை வீட்டில் நடத்தப் பத்து வருடப் பழைய லேப்டாப் போதும். 2 ஜிபி ராம், ஒழுங்காக ஓடும் டிஸ்க், லேன் வயர் செருக ஓர் இடம், 64 பிட் ப்ராசஸர். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் வீட்டில் நடத்தும் டார் கணு செத்துப்போவதற்குக் கணினியின் வேகம் காரணமாக இருப்பது அபூர்வம். கரண்ட் போய்த் திரும்பி வந்தபின் கணினி தானாக எழாமல் கிடக்கும். இல்லையென்றால் இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ஐபி முகவரி வெளியிலிருந்து எட்டவே எட்டாது. அதுவும் இல்லையென்றால் மாத டேட்டா பத்துத் தேதிக்குள் தீர்ந்திருக்கும். அதனால் இந்த மூன்றையும் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

எந்த வகைக் கணு?

டார் வழியாக ஒரு தளத்தைத் திறப்பவரின் இணைப்பு வழக்கமாக மூன்று கணினிகளைக் கடந்து போகிறது. முதல் கணினிக்கு ஆள் எங்கிருந்து வருகிறார் என்று தெரியும், எந்தத் தளத்துக்குப் போகிறார் என்று தெரியாது. கடைசிக் கணினிக்குத் தளம் தெரியும், ஆள் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. இவற்றைத்தான் ரிலே என்கிறோம். உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள்.

கடைசிக் கணு, அதாவது எக்ஸிட், வீட்டில் வேண்டாம். அதன் வழியாக யாரோ செய்யும் காரியத்துக்கு வெளியே தெரிவது உங்கள் வீட்டு ஐபி. விசாரிக்க வரும் போலீஸும் அந்த ஐபி யார் பெயரில் இருக்கிறதோ அவரைத் தேடித்தான் வரும்.

முதல் அல்லது நடுக் கணுவாக இருக்கும் சாதாரண ரிலேயில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதற்கு வேறொரு விலை உண்டு. ரிலேக்களின் ஐபி பட்டியல் மணிக்கொருமுறை புதுப்பிக்கப்பட்டு வெளிப்படையாகக் கிடைக்கிறது. சில தளங்கள் அந்தப் பட்டியலை அப்படியே எடுத்து, எக்ஸிட்டா இல்லையா என்று பார்க்காமல் எல்லாவற்றையும் தடுத்துவிடுகின்றன. வீட்டில் ஒருவருக்கு வங்கித் தளம் திடீரென்று திறக்காமல் போனால் காரணம் இதுவாக இருக்கலாம்.

மூன்றாவது வகை பிரிட்ஜ். இதுவும் நுழைவுக் கணுதான், ஆனால் பொதுப் பட்டியலில் வராது. டார் தடைசெய்யப்பட்ட நாடுகளில் இருப்பவர்களுக்குச் சிறிது சிறிதாகப் பகிரப்படும். 2021 டிசம்பரில் ரஷ்யா டாரைத் தடுத்த பிறகு பிரிட்ஜுகளின் தேவை கூடியது. இதற்கு 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு ஒரு மெகாபிட்) வேகம் இருந்தாலே போதும் என்கிறது டார் திட்டம். சாதாரண ரிலேக்கு அவர்கள் கேட்பது குறைந்தது 10 எம்பிபிஎஸ், அதுவும் ஏறுவதற்கும் (அப்லோட்) இறங்குவதற்கும் (டவுன்லோட்) தனித்தனியாக. 16 இருந்தால் நல்லது என்கிறார்கள்.

முதலில் ஒரு கணக்கு

வீட்டு ஃபைபர் திட்டங்களில் 'அன்லிமிடெட்' என்று போட்டிருக்கும். கீழே சிறிய எழுத்தில் மாதம் 3300 ஜிபி என்று ஒரு வரம்பும் பல திட்டங்களில் உண்டு. அதைத் தாண்டினால் வேகம் சில எம்பிபிஎஸ் அளவுக்கு விழுந்துவிடும். உங்கள் திட்டத்தின் எண்ணைப் பார்த்துவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள்.

8 பிட் ஒரு பைட் என்பதால், 10 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 1.25 எம்பி. நாளுக்கு 108 ஜிபி. 30 நாளைக்கு 3240 ஜிபி. ஆக, குறைந்தபட்ச வேகத்தில் ஒரு ரிலே ஓடினாலே வரம்பு முடிந்தது என்று தோன்றும். உண்மையில் அதைவிட மோசம். ரிலே வாங்கும் ஒவ்வொரு பைட்டையும் அடுத்த கணுவுக்கு அனுப்ப வேண்டும். ஏற்றம், இறக்கம் இரண்டையும் கூட்டிக் கணக்கு வைக்கும் இணைப்பில் அது 6480 ஜிபி.

திருப்பிப் போட்டுப் பாருங்கள். 3300-இல் வீட்டு உபயோகத்துக்கு 700 ஒதுக்கினால் மீதி 2600. இருபக்கத்துக்கும் பாதிப் பாதி, 1300. அதை 30 நாளின் 25,92,000 நொடிகளால் வகுத்தால் நொடிக்குச் சுமார் 500 கேபி, அதாவது 4 எம்பிபிஎஸ். ரிலேக்குப் போதாது, பிரிட்ஜுக்குத் தாராளம். மலையில் வீட்டு இணைப்பு வைத்திருக்கும் பெரும்பாலானவர்களுக்கு எங்கள் சிபாரிசு பிரிட்ஜ்தான். இனிமேல் வருவதெல்லாம் பிரிட்ஜை மனத்தில் வைத்தே எழுதியது. வரம்பில்லாத அலுவலக இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு ரிலே பற்றிய வேறுபாடுகளை அங்கங்கே சொல்கிறோம்.

ஐபி வெளியிலிருந்து எட்டுமா?

கணினியைத் தொடுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். ரூட்டரின் உள்பக்கத்தைத் திறந்து, 'வேன்' (WAN) என்ற இடத்தில் உள்ள ஐபியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிரவுசரில் 'என் ஐபி என்ன' என்று தேடி வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பப்ளிக் ஐபி உங்களிடம் இருக்கிறது. வேன் எண் 100.64-இல் தொடங்கி 100.127 வரை உள்ள எல்லைக்குள் இருந்தால், பல வீடுகளை ஒரே ஐபிக்குப் பின்னால் கம்பெனி அடைத்து வைத்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்கள் வீடு வரை வராது. ரூட்டரில் என்ன மாற்றினாலும் பலனில்லை. 10 என்றோ 192.168 என்றோ தொடங்கினால் ஒருவேளை உங்கள் வீட்டிலேயே ரூட்டருக்கு முன்னால் இன்னொரு ரூட்டர் இருக்கலாம்: கம்பெனி கொடுத்த ஃபைபர் மோடம், அதன் பின்னால் நீங்கள் வாங்கிய வைஃபை பெட்டி. அப்போது மோடத்தைப் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள் (பெயர் ஒன்றுதான், டார் பிரிட்ஜுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை).

அடைத்து வைத்த ஐபி என்றால் மாதக் கட்டணம் கட்டி ஸ்டேட்டிக் ஐபி கேட்கலாம். அதற்குச் செலவு செய்ய மனமில்லையா, ஸ்னோஃபிளேக் என்ற இன்னொரு வகை இருக்கிறது. போர்ட் (வெளியிலிருந்து வரும் இணைப்புக்கான எண்ணிட்ட வாசல்) எதையும் திறக்காமலே, இப்படி அடைபட்ட இணைப்பிலும் ஓடும். பிரவுசர் நீட்சியாகவும் கிடைக்கிறது, தனி நிரலாகவும் கிடைக்கிறது. அது போதும் என்பவர்கள் கீழே மின்சாரம், ஈரம் பற்றிய பகுதிகளை மட்டும் படித்தால் போதும்.

ஐபி அவ்வப்போது மாறுவது பெரிய குற்றமில்லை. ஆனால் பிரிட்ஜின் ஐபி மாறினால் அதை வைத்திருந்தவர்களிடம் இருக்கும் முகவரி செல்லாது. தினமும் மாறும் இணைப்பில் பிரிட்ஜ் நடத்துவது, வாசலைத் தினமும் வேறு தெருவுக்கு மாற்றிக்கொண்டே விருந்துக்குக் கூப்பிடுவது மாதிரி.

லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா, ராஸ்பெர்ரி பையா?

பழைய டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கும். இரண்டு மாத மின்கணக்கில் அது சுமார் 86 யூனிட். மூடி வைத்த லேப்டாப் 15 வாட் என்றால் 22 யூனிட். ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கணினி ஐந்து வாட்டில் 7 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் முன் யூனிட்டுகளின் விலையும் மாறும். ஏற்கெனவே கீசரும் ஹீட்டரும் ஓடும் வீட்டில் டெஸ்க்டாப்பின் 86 யூனிட் அந்தக் கோட்டைத் தாண்ட வைத்துவிடலாம்.

பை சிக்கனம்தான், ஆனால் எஸ்டி கார்டில் ஓட்டாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெடும், மழைக்காலத்தில் அது எத்தனை முறை நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். யூஎஸ்பியில் ஒரு சிறிய எஸ்எஸ்டி மாட்டுங்கள்.

லேப்டாப்பின் பெரிய லாபம் அதற்குள்ளேயே இருக்கும் பேட்டரி. பேட்டரி ஒரு மணி நேரமாவது தாங்கினால் தனியாக யூபிஎஸ் வாங்க வேண்டாம். அதில் ஓர் எச்சரிக்கை: வருடக்கணக்கில் 100 சதவீதத்தில் சார்ஜிலேயே கிடக்கும் பேட்டரி உப்பும். டச்பேட் மேலெழும்பி நிற்பது, அடிமூடி சமதளத்தில் ஆடுவது இதன் அறிகுறி. அப்படி ஏற்கெனவே உப்பியிருந்தால் அந்தப் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் வேறு வேலை. நல்ல பேட்டரியாக இருந்தால் சார்ஜ் உச்சத்தை 80 சதவீதமாக வையுங்கள். அலுவலகங்களுக்கென்று செய்யப்பட்ட டெல் லாட்டிட்யூட் வகையில் இந்த வசதி பயாஸிலேயே (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) உண்டு; திங்க்பேடில் இயங்குதளத்திலிருந்து அமைக்கலாம்.

கரண்ட் போய் வந்தபின்

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மரம் விழுந்து லைன் அறுவது வழக்கம். நாலு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் எந்த லேப்டாப் பேட்டரியும் தீரும். தீர்ந்து அணைந்த கணினி, கரண்ட் வந்ததும் தானாக எழ வேண்டும். இதைப் பயாஸில் சொல்லி வைக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் 'ஏசி பவர்' இழந்தபின் என்ன செய்வது என்ற வரி இருக்கும். அதை 'பவர் ஆன்' என்று மாற்றுங்கள். லாட்டிட்யூடில் அது 'வேக் ஆன் ஏசி', திங்க்பேடில் 'ஏசி அட்டாச்' என்று வரும். வேறு சில லேப்டாப்களில் இந்த வசதியே இருக்காது. தினமும் காலை ஆறு மணிக்குத் தானாக எழும் நேர அலாரம் இருந்தால் அதையாவது போட்டு வையுங்கள்.

அடுத்தது பலரும் தவறவிடும் இடம்: மதர்போர்டில் இருக்கும் வட்டப் பேட்டரி, சிஆர்2032. பத்து வருடக் கணினியில் அது பெரும்பாலும் செத்திருக்கும். மெயின் பேட்டரியும் தீர்ந்து கரண்டும் இல்லாதபோது கடிகாரம் ஏதோ ஒரு பழைய வருடத்துக்குத் திரும்பிவிடும். நேரம் தவறாக இருந்தால் டார் வலையில் சேராது. டார் எழுதும் பதிவில் (லாக்) கடிகாரத்தைப் பற்றி எச்சரித்துக்கொண்டே நிற்கும். பயாஸில் செய்த மாற்றங்களும் அதோடு அழியலாம், தானாக எழும் ஏற்பாடு உட்பட. மல்ட்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள்: புதியது 3 வோல்ட், 2.7-க்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அளக்காமலே மாற்றுங்கள், டீக்காசு அளவுதான் செலவு.

கணினி விழித்திருந்து ரூட்டர் தூங்கினால் என்ன பிரயோசனம்? ஃபைபர் மோடத்துக்கு மினி யூபிஎஸ் என்று சிறிய பெட்டி கிடைக்கிறது. வாங்குமுன் மோடத்தின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட் என்று போட்டிருந்தால் 12 வோல்ட் வெளியீடு, ஆம்பியர் அடாப்டரில் உள்ளதற்குக் குறையக்கூடாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதிலேயே இரண்டையும் போடலாம். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் இன்வெர்ட்டரின் பின்னால் உள்ள சுவிட்ச் 'யூபிஎஸ்' பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். 'நார்மல்' பக்கம் இருந்தால் மாறும் நேரம் கூடி, ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் கணினி ரீஸ்டார்ட் ஆகும்.

ஹீட்டர், கீசர் ஓடும் அதே லைனில் கணினியை மாட்டாதீர்கள். 2000 வாட் ஹீட்டர் ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். டிசம்பர், ஜனவரி உறைபனி நாட்களில் தெரு முழுக்க ஹீட்டர் போட்டிருக்கும்போது வோல்டேஜ் ஏற்கெனவே தாழ்ந்துதான் இருக்கும்.

ஏப்ரல், மே கோடை இடி: ஃபைபர் கண்ணாடி என்பதால் அதன் வழியாக மின்சாரம் வராது. ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் பல டிராப் கேபிள்களில் தாங்குவதற்கு இரும்புக் கம்பி ஒன்று கூடவே ஓடுகிறது. அதை மோடத்துக்கு மிக அருகே வரை கொண்டுவராமல் வீட்டுக்கு வெளியிலேயே வெட்டிவிடச் சொல்லுங்கள். பிளக்கின் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்வதும் அப்போதே.

ஈரம்

கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் ஊர் இது. இருந்தாலும் இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் கணினி தன் சூட்டிலேயே உலர்ந்து இருக்கும். ஆபத்து, வாரக்கணக்கில் அணைத்து வைத்து மறுபடி போடும்போதுதான். பரணிலிருந்து எடுத்த கணினியை உடனே போடாமல், வீட்டுக்குள் சூடான அறையில் ஒரு நாள் திறந்து வையுங்கள். உள்ளே படிந்த தூசு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பிரஷ்ஷும் புளோயரும் கொண்டு முழுதாக எடுங்கள். விசிறி சத்தம் போட்டால் மாற்றுங்கள், ப்ராசஸர் மேல் உள்ள பேஸ்ட் காய்ந்திருந்தால் புதிதாகப் பூசுங்கள்.

வைக்கும் இடம்: மழை அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம், தரையில் வேண்டாம், சமையலறை ஆவி படும் இடம் வேண்டாம். இடுப்பு உயரத்தில் உள்சுவர் அலமாரி, பின்னால் நாலு விரல் இடைவெளி. சாரல் படாமல் இருக்க பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுபவர்கள் உண்டு. அது ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் திறந்த அறையில் எதற்கும் உதவாது.

மென்பொருள்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போடுங்கள், டெஸ்க்டாப் தோற்றம் இல்லாமல். நிறுவும்போது எஸ்எஸ்எச் சர்வர் (வேறு கணினியிலிருந்து இதை இயக்க) மட்டும் டிக் செய்தால் போதும். 64 பிட் கேட்டது இதற்காகத்தான்: 2025-இல் வந்த டெபியன் 13-ஐ 32 பிட் கணினிகளில் நிறுவ முடியாது. நிறுவுவதற்கு முந்தைய இரவு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓட விடுங்கள். ராம் கெட்டிருந்தால் அது அப்போதே தெரிந்துவிடும், மூன்று மாதம் கழித்துக் காரணம் புரியாமல் டார் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பிறகு நான்கு சில்லறை வேலைகள். லேப்டாப் மூடியை மூடினால் தூங்கக்கூடாது என்று 'லாகின்ட்' (logind) அமைப்புக் கோப்பில் மாற்றுங்கள். தானியங்கி அப்டேட்டைப் போடுங்கள். எஸ்எஸ்எச்-க்குப் பாஸ்வேர்டை விட்டுச் சாவிக்கோப்புக்கு மாறுங்கள், அந்தப் போர்ட்டை ரூட்டரில் வெளியே திறக்கவே வேண்டாம். நேர ஒத்திசைவு ஓடுகிறதா என்று பாருங்கள். இந்தக் கணினியில் வேறு எதுவும் செய்யாதீர்கள், ஒரு போட்டோவைக் கூடப் போட்டு வைக்காதீர்கள்.

டாரை டெபியனின் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலிருந்து எடுக்காமல், டார் திட்டத்தின் களஞ்சியத்தைச் சேர்த்து அங்கிருந்து எடுங்கள். மிகப் பழைய பதிப்புகளை வலை ஏற்பதில்லை. கூடவே ஓபிஎஃப்எஸ்4 (obfs4) தொகுப்பையும் நிறுவுங்கள். தணிக்கைக் கருவிகளுக்கு இது டார் என்று அடையாளம் தெரியாதபடி போக்குவரத்தை மாற்றிக் காட்டுவது அதுதான்.

டாரின் அமைப்புக் கோப்பு 'டார்ஆர்சி' (torrc). உள்ளே தேவையான வரிகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருக்கும், முன்னால் # குறியோடு. குறியை எடுத்தால் வரி உயிர்பெறும். தட்டச்சுப் பிழைக்கும் இடமிருக்காது. ஒரே பெயரில் இரண்டு மூன்று மாதிரி வரிகள் அடுத்தடுத்து இருக்கும், அதில் ஒன்றை மட்டும் திறங்கள்.

'நிக்நேம்' 19 எழுத்துக்குள், ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும், நடுவே இடைவெளி கூடாது. வீட்டுப் பெயரோ எஸ்டேட் பெயரோ வேண்டாம். 'காண்டாக்ட்இன்ஃபோ'வில் இதற்கென்றே திறந்த மின்னஞ்சல். 'பிரிட்ஜ்ரிலே' 1. டார் இணைப்புகளை ஏற்கும் போர்ட்டான 'ஓஆர்போர்ட்'டுக்கு 1024-க்கு மேலே ஏதாவது ஓர் எண். 9001 மட்டும் வேண்டாம், டார் என்றாலே அந்த எண் என்று தணிக்கையாளர்கள் அதைத் தேடிப்பார்ப்பது வழக்கம். ஓபிஎஃப்எஸ்4-க்கு வேறோர் எண். அதற்கான மூன்று வரிகள் மாதிரிக் கோப்பில் இருக்காது, டார் திட்டத்தின் பிரிட்ஜ் வழிகாட்டியிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுங்கள்.

வேக வரம்பில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். 'ரிலேபேண்ட்வித்ரேட்' கேட்பது பைட் கணக்கு, இன்டர்நெட் கம்பெனி சொல்வது பிட் கணக்கு. 4 எம்பிபிஎஸ் என்று நினைத்து 4 எம்பைட்ஸ் என்று எழுதினால் எட்டு மடங்கு. மேலே போட்ட கணக்குக்கு 450 கேபைட்ஸ் என்று வையுங்கள். இந்த எண் ஒரு திசைக்கானது; வருவதற்கு 450, போவதற்கு 450. பிடிமானத்துக்கு 'அக்கவுண்டிங்மேக்ஸ்' 1300 ஜிபைட்ஸ், தொடங்கும் நாள் உங்கள் பில் தேதி. அந்த அளவு தீர்ந்தால் டார் அடுத்த மாதம் வரை தூங்கும். எப்போதும் மெதுவாக ஓடுவதைவிடச் சில நாள் வேகமாக ஓடித் தூங்குவது மேல் என்கிறது டாரின் கையேடு. ரிலேக்கு அது சரி. பிரிட்ஜை நம்பி இருப்பவரிடம் ஒன்றிரண்டு முகவரிகள்தான் இருக்கும் என்பதால், இங்கே நிதானமாக மாதம் முழுக்க ஓடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

ரூட்டரும் சோதனையும்

ரூட்டரில் லேப்டாப்புக்கு உள் ஐபியை நிலையாக ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு கரண்ட் கட்டுக்குப் பிறகு அந்த எண் வேறு யாருடைய போனுக்கோ போய்விடும், வெளியிலிருந்து வரும் இணைப்பை அந்த எண்ணுக்குத் திருப்பும் போர்ட் ஃபார்வர்டிங் காற்றில் நிற்கும். பிறகு இரண்டு போர்ட்டையும் அந்த ஐபிக்குத் திருப்புங்கள். கணினியின் ஃபயர்வாலிலும் அதே இரண்டையும் திறங்கள்.

டாரை ரீஸ்டார்ட் செய்து பதிவைப் பாருங்கள். வலையில் சேர்வது 100 சதவீதம் என்று வந்தபின் ஓஆர்போர்ட் வெளியிலிருந்து எட்டுகிறது என்று டாரே சோதித்துச் சொல்லும். இருபது நிமிடத்தில் சொல்லவில்லை என்றால் முடியவில்லை என்ற எச்சரிக்கை வரும். ஃபார்வர்டிங்கிலோ ஃபயர்வாலிலோ எண் மாறியிருக்கும். கவனிக்க வேண்டியது: இந்தச் சுயசோதனை ஓஆர்போர்ட்டுக்கு மட்டும்தான். ஆட்கள் உண்மையில் வந்து தட்டப்போகும் ஓபிஎஃப்எஸ்4 போர்ட்டை அது தொடுவதில்லை. எல்லாம் சரி என்று பதிவு சொல்ல, ஒருவர்கூட உள்ளே வராமல் இருக்கும் பிரிட்ஜுகள் பலவற்றில் கோளாறு இங்கேதான். டார் திட்டத்தின் பிரிட்ஜ் போர்ட் சோதனைப் பக்கத்தில் ஐபியையும் அந்த எண்ணையும் கொடுத்துப் பாருங்கள். போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் டார் பிரவுசரைத் திறந்து, உங்கள் பிரிட்ஜின் வரியைக் கொடுத்தும் பார்க்கலாம். அந்த வரி டாரின் தரவு ஃபோல்டரில் 'பிடிஸ்டேட்' என்ற இடத்தில் பாதி எழுதி இருக்கும். ஐபி, போர்ட், விரல்ரேகை (உங்கள் பிரிட்ஜின் அடையாளக் குறி) மூன்றையும் நீங்கள் நிரப்ப வேண்டும்.

முதல் சில வாரம் ஆளே வராமல் இருக்கலாம், பதற வேண்டாம். சாதாரண ரிலே என்றாலும் முதல் மூன்று நாள் போக்குவரத்து மிகக் குறைவு, எட்டு நாளுக்கு முன் முதல் கணுவாக ஆவதில்லை. ரிலே நடத்துபவர்கள் பார்க்க வேண்டிய இன்னொன்று ரூட்டர். ஒரே நேரத்தில் 7000 இணைப்புகள் வரை வரலாம். மலிவு வைஃபை பெட்டி அதில் திணறினால், வீட்டில் எல்லாருக்கும் தளங்கள் பாதியில் நிற்கும், ரீஸ்டார்ட் செய்தால் சில மணி நேரம் சரியாகும், மறுபடி அதே கதை.

திடீரென்று இணைப்பு அறுந்து அறுந்து வந்தால் கணினியை நோண்டுவதற்கு முன் மோடத்தைப் பாருங்கள். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரே போய்விட்டது. சிவப்பில்லை, ஆனால் மோடத்தின் உள்பக்கத்தில் காட்டும் ஒளி அளவு மைனஸ் 27-ஐ ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருந்தால், கேபிள் எங்கோ மடங்கியிருக்கலாம். குரங்கு தொங்கும் கம்பத்துக்கும் கூரைக்கும் நடுவில்தான் முதலில் தேட வேண்டும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் டாரின் தரவு ஃபோல்டரில் இருக்கும் 'கீஸ்', 'பிடிஸ்டேட்' இரண்டையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். டிஸ்க் போனாலும் அதே அடையாளத்தோடு வேறு கணினியில் எழுப்பலாம். பென்டிரைவை வேறு அறையில் வையுங்கள்.

கடைசியாக மெயின் சுவிட்சை அணையுங்கள். லேப்டாப் பேட்டரி முழுதாகத் தீர்ந்து அணையும் வரை காத்திருந்து, பிறகு போடுங்கள். எந்தப் பொத்தானையும் தொடாமல் பத்து நிமிடம் விட்டுவிட்டுப் பதிவைப் பாருங்கள். 100 சதவீதம் வந்திருக்க வேண்டும், நேரமும் சரியாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் மழைக்கு முன்பே பயாஸுக்கும் வட்டப் பேட்டரிக்கும் திரும்பிப் போங்கள்.